கீழ்த்தளத்தில் ஓர் அறை: வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு பக்கம் லாட்ஜும் மேன்ஷனும் நடத்தும் முதலாளிகளுக்கும், தோட்டப்பாளையத்திலும் சாயிநாதபுரத்திலும் வீட்டு மாடியை நோயாளிகளுக்கு வாடகைக்கு விடும் அம்மாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ரயில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் ரூம்களில் தங்கும் மால்டாக்காரரும் ராஞ்சிக்காரரும் டாக்காக்காரரும் ஊர் திரும்பும்போது என் கடை பெஞ்சில்தான் வந்து உட்காருவார்கள். லோயர் பெர்த் கிடைக்குமா, தத்காலில் பார்க்கலாமா, காட்பாடி ஸ்டேஷனில் வீல்சேர் சொல்லிவைக்க முடியுமா என்று கேட்பார்கள். இத்தனை வருஷமாக அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நான், இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்த வாரம் வங்கதேசத்தின் குல்னாவிலிருந்து என் நண்பர் ஒருவர் வருகிறார். இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தும் ஆபரேஷன். டாக்டர் பார்த்து, தேதி முடிவாகி, ஆபரேஷன் ஆகி, திரும்பவும் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப எப்படியும் இரண்டு மாதம் பிடிக்கும். அவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு ரூம் வேண்டும். உள்ளே உட்கார்ந்து எழ முடிகிற ஒரு பாத்ரூம் வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் இந்த ரூமை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கிவிட்டேன். அலைந்த அலைச்சலில், இது என் நண்பர் ஒருவருடைய பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரிந்துபோனது. அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தன் அம்மாவின் இதய வால்வு ஆபரேஷனுக்காக இங்கே வந்தவர். அம்மாவுக்குத் தேதி தள்ளிப்போனதில் மாதக்கணக்கில் வேலூரிலேயே இருந்தார். ரூமில் ஸ்டவ் வாடகைக்கு எடுத்துச் சமைப்பார். கடுகெண்ணெய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும், மீன் எந்த நேரத்தில் மார்க்கெட்டுக்கு வரும் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டீக்கடையில் நின்றே தமிழ் கற்றுக்கொண்டார். ஊரிலிருந்து புதிதாக வந்து, மொழி தெரியாமல் ரிஜிஸ்ட்ரேஷன் வரிசையில் திகைத்து நிற்கும் குடும்பங்களை யார் சொல்லாமலும் கூட்டிக்கொண்டுபோய் கவுன்டரில் விடுவார். அதற்கென்று யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அந்தச் சமயத்தில் என் அப்பாவை வார்டில் சேர்த்தோம். பகலில் அம்மா இருப்பார், ராத்திரிக்கு நான். இரண்டு பேரும் சோர்ந்துபோயிருந்த நாட்களில் இந்தத் தம்பி அட்டென்டர் பாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அண்ணே, நீ போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு வங்காளம் தெரியாது, தம்பிக்குத் தெரிந்த தமிழோ டீக்கடைத் தமிழ். விடியவிடிய இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. காலையில் போனால் அப்பா சிரித்துக்கொண்டிருப்பார். அப்பா இப்போது இல்லை. அவருடைய கடைசி மாதங்களில் சிரித்த முகம் என்று நினைத்தால் அந்தக் காலை நேரங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

ஊருக்குத் திரும்பியவர் ரூப்சா ஆற்றங்கரையில் ஒரு இறால் கிடங்கில் கணக்கெழுதப் போனார். மழைக்காலத்தில் படித்துறைப் பாசியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில், பந்து போன்ற தலைக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியில் முறிவு. அங்கேயே ஸ்க்ரூ போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். வயது குறைந்தவர்களுக்குச் சொந்த மூட்டைக் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்பார்கள், அது சரியான வைத்தியம்தான். ஆனால் அந்தப் பந்துக்கு ரத்தம் போகிற நுண்ணிய குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. முறிவில் அவை அறுந்துபோனால், எலும்பு கூடினாலும் ரத்தமில்லாமல் பந்து மெல்ல மெல்லச் செத்துப்போகும். அவாஸ்குலார் நெக்ரோஸிஸ் என்பார்கள், நம்ம தெருவில் ஏ.வி.என். என்றால் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். விழுந்து ஒரு வருஷம்போல ஆன பிறகு அவருக்குத் தொடையிடுக்கில் வலி தொடங்கியது. எக்ஸ்ரேயில் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய தலை ஒரு பக்கம் அமுங்கி நொறுங்கியிருந்தது.

போனில் வீடியோவைப் போட்டு, கட்டிலிலிருந்து வாசற்படி வரைக்கும் நடந்து காட்டினார். அக்குளில் கட்டை. இடது கால் குட்டையாகி, குதிகால் தரையில் பதியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வாசற்படியைத் தொட்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பின்னாலிருந்து அவருடைய சின்ன மகள் ஒரு ஸ்டூலை இழுத்துவந்து போட்டாள், சொல்லிக்கொடுக்காமலே பழகிவிட்ட வேகத்தில். தொழுகையைக்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்கிறாராம். பிறகு கேட்டார்: "அண்ணே, வேலூர்ல கீழ ரூம் கெடைக்குமா? மாடின்னா என்னால ஏற முடியாது."

ஆபரேஷனுக்குப் பணம் இருக்கிறதா, விசா கிடைக்குமா என்பதெல்லாம் அவருக்கு இருந்த பெரிய கவலைகள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கொடுப்பது சுருங்கிப்போய், மருத்துவ விசாவுக்கே நாள் கிடைக்காமல் அங்கே எத்தனையோ பேர் காத்துக் கிடந்தார்கள். அதன் பாதிப்பு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்கள் சாவிப் பலகையில் தொங்கிய சாவிகள் அப்படியே தொங்கின. அந்தக் கவலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டார். ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது, அவருக்கும் கூட வரும் மைத்துனருக்கும் விசா வந்தது, நிலத்தில் ஒரு பங்கை விற்றுப் பணம் சேர்த்தார். இரண்டு நாட்டு அரசாங்கங்களைத் தாண்டி வந்தவர், நம்ம ஊரில் ஒரு மாடிப்படியில் நிற்கக் கூடாது. அதுதான் என் ஆதங்கம்.

இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் இன்றைக்குப் புதிதல்ல. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் செய்துகாட்டிய முறையிலிருந்து வளர்ந்தது. தேய்ந்த பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு தண்டைச் செருகி, அதன் மேல் புதிய பந்தை வைத்து, இடுப்புக் குழியில் புதிய கிண்ணத்தைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிடுவார்கள். சில நாளில் டிஸ்சார்ஜ். தையல் பிரிக்க இரண்டு வாரம் போல, டாக்டர் திரும்பப் பார்க்க ஆறு வாரம் போல ஆகும். தொலைதூரத்துக்காரர்கள் அதுவரை ஊருக்குப் போக முடியாது. ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் நீண்ட பயணத்தை அந்த வாரங்களில் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள்.

ஆக, நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பது ஒரு வாரம் என்றால், உங்கள் கட்டிலில் இருப்பது ஆறு வாரம். நடை திரும்புவது அந்த ஆறு வாரத்தில்தான். டாக்டர் மூட்டைப் பொருத்திவிட்டு அனுப்புகிறார். அது நிலைத்து நிற்பதும் நழுவி வெளியே வருவதும் அதற்குப் பிறகு நோயாளி எப்படி உட்காருகிறார், எப்படி எழுகிறார், எங்கே குளிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பிசியோதெரபியில் சொல்லி அனுப்பும் கட்டுப்பாடுகளை உங்களில் பலர் நோயாளிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. குத்தவைத்து உட்காரவே கூடாது. முழங்காலைவிடத் தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. இதை மீறினால், முக்கியமாக முதல் சில வாரங்களில், புது மூட்டு குழியை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப மயக்க மருந்து, சில சமயம் திரும்ப ஆபரேஷன்.

இனி உங்கள் ரூமை நினைத்துப் பாருங்கள். குறை சொல்ல வரவில்லை, அளந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தெருவைப் பார்த்த கீழ்த்தளம் முழுக்க மெடிக்கல் ஷாப், மெஸ், செல்போன் கடை. "கீழ எல்லாம் கடைக்கு விட்டாச்சு சார்" என்பதுதான் நான் போன இடத்திலெல்லாம் கேட்ட பதில். ரிசப்ஷனே முதல் மாடியில் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் படிக்கட்டு, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதிலும் பாதியில் ஸ்விட்ச் போர்டு குறுக்கிடும். லிஃப்ட் இருக்கிற இடத்திலும் நாலு படி ஏறித்தான் லிஃப்டைத் தொட வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நான் பார்த்தது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த நடுவயதுக்காரர் ஒருவர், ஆட்டோவிலிருந்து இறங்கி, வாக்கரோடு படிக்கட்டின் கீழே நின்றார். மேலே பார்த்தார். அவர் மனைவி ஒரு கையில் எக்ஸ்ரே கவரையும் மறு கையில் பக்கெட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோக்காரர், "இன்னா சார் பண்றது, இரு" என்று பக்கத்து மெஸ்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்தார். அதில் அவரை உட்காரவைத்து, ஆட்டோக்காரரும் மெஸ்காரரும் முன்னும் பின்னுமாகத் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் சேர் சுவரில் இடித்து நின்றுவிட்டது. சேரின் கால்கள் வளைந்தன. நோயாளியின் முழங்கால் நெஞ்சு வரைக்கும் மடங்கியது. எதைச் செய்யக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் பத்துத் தடவை சொல்லி அனுப்பினார்களோ, அதுவே நடந்தது. அவர் சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். அந்தப் படிக்கட்டில் அவர்களால் வேறெதுவும் செய்திருக்க முடியாது. மேலே போனவர் அதற்குப் பிறகு டாக்டரைப் பார்க்கும் நாள் வரைக்கும் கீழே இறங்கவில்லை. நடந்தால்தான் ரத்தம் உறையாது, நடந்தால்தான் தசைக்குப் பலம் வரும் என்று சொல்லப்பட்டவர், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கும் நாலடி இடத்தில் நின்று நின்று உட்கார்ந்தார்.

படிக்கட்டாவது ஒரு நாளைக்கு ஒரு தடவை. பாத்ரூம் நாலைந்து தடவை. வாக்கரின் அகலம் ஏறத்தாழ இரண்டடி. பல ரூம்களில் பாத்ரூம் கதவும் இரண்டடிதான், நிலைச்சட்டத்தைக் கழித்தால் அதற்கும் குறைவு. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு திட்டு. அதைத் தாண்டிக் காலை வைக்கிற இடத்தில்தான் ஈரம். வாக்கரை வெளியே விட்டுவிட்டு நோயாளி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போகிறார். பிடிக்க எதுவும் இல்லாததால் துண்டு போடும் கம்பியைப் பிடிக்கிறார். அது துண்டைத் தாங்க மாட்டியது, ஆளைத் தாங்காது, ஸ்க்ரூவோடு கையில் வந்துவிடும். உள்ளே இந்தியன் டாய்லெட் என்றால் கதை அங்கேயே முடிந்தது. வெஸ்டர்ன் இருந்தாலும் உயரம் குறைவு. குளிக்கப் பக்கெட் தரையில், குழாய் முழங்கால் உயரத்தில். குனியாமல் ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்க முடியாது.

இதையெல்லாம் சரிசெய்ய லாட்ஜை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு ரூம் போதும். லாட்ஜுக்கு ஒரு ரூம்.

சுவரில் ஆழமாக ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கிய ஸ்டீல் கைப்பிடி இரண்டு: ஒன்று டாய்லெட் பக்கத்தில், ஒன்று குளிக்கும் இடத்தில். டாய்லெட் மேல் வைக்கும் உயரமான பிளாஸ்டிக் சீட் நம்ம ஊர் சர்ஜிகல் கடைகளிலேயே விற்கிறது. பக்கெட்டைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல், உட்கார்ந்து குளிக்க வழுக்காத ஒரு சேர், கையில் பிடிக்கும் ஷவர். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்த எந்தத் தச்சரும் அரை நாளில் செய்துகொடுப்பார். மெத்தை அமுங்காததாக இருக்கட்டும். கையில்லாத சேரை எடுத்துவிட்டுக் கை வைத்த உயரமான சேர் ஒன்று போடுங்கள், நோயாளி இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்திருப்பார். பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். உள்ளே யாராவது விழுந்தால் கதவைத் திறக்க முடியாமல் போவது அதனால் நிற்கும்.

வாசல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாய்தளம் போட வேண்டும் என்று நான் சொன்னதும் ஒரு முதலாளி அன்போடு உடனே ஒரு பலகையைப் படிமேல் சாய்த்துக் காட்டினார். அது ஆபத்து. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்கு விதித்திருக்கும் அளவு. மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். நம்ம தெருக்களில் அத்தனை இடம் கிடையாது. செங்குத்துப் பலகையில் வாக்கர் முன்னால் ஓடும், ஆள் பின்னாலேயே விழுவார். இடமில்லை என்றால் படி இருக்கட்டும், ஆனால் உயரம் குறைந்த, ஆழமான, ஒரே அளவான படிகளாக, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு இருக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். மூன்று நல்ல படியை அவர்கள் ஏறிவிடுவார்கள். இருபது கெட்ட படியைத்தான் ஏற முடியாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தனியார் நடத்தினாலும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் இந்த வசதி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட எனக்கு விருப்பமில்லை. நம்ம ஊருக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்கவே கூடாது என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி நம்ம வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். இங்கே டாக்டராக இருந்தவர். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். அதற்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நடக்க முடியாதவர்களை மறுபடி வாழ்க்கைக்குக் கொண்டுவரும் மருத்துவத்தை வெளிநாடு போய்ப் படித்துவந்தார். 1966இல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு மையம் அவரால் வந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு ஊக்கம் கொடுத்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களையும் தொங்கிப்போன பாதங்களையும் தசைநாணை மாற்றித் தைத்து நிமிர்த்தினார். ஆபரேஷனோடு அவர் நிறுத்தவில்லை. உணர்ச்சியில்லாத பாதம் புண்ணாகாமலிருக்க என்ன செருப்பு போடுவது என்பதையும் சேர்த்து யோசித்தார். எம்.சி.ஆர். என்கிற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அப்படி வந்ததுதான். ஆபரேஷன் முடிந்து ஆள் வெளியே போன பிறகு தரையில் எப்படிக் கால் வைப்பார் என்று கவலைப்பட்டவர்கள் இருந்த ஊர் இது. ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் அந்தக் கவலை இன்றும் இருக்கிறது. காம்பவுண்டுக்கு வெளியே அது நம்ம பொறுப்பு, உங்களுடையதும் என்னுடையதும்.

நீங்கள் சொல்லக்கூடிய தடைகளும் எனக்குத் தெரியும். கீழ்த்தளத்துக் கடை வாடகையில்தான் லோன் கட்டுகிறோம் என்று ஒருவர் சொன்னார். நியாயம். கடையைக் காலிசெய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டோர் ரூம் ஒன்று எல்லா லாட்ஜிலும் இருக்கிறது. பழைய மெத்தை, உடைந்த மின்விசிறி, காலி பெயின்ட் டப்பா அங்கே கிடக்கின்றன. அவற்றை மேலே ஏற்றுங்கள். மெத்தைக்கு இடுப்பு வலி கிடையாது. வீட்டுக்காரர்களுக்கு இன்னும் சுலபம். கீழே நீங்கள் இருக்கிறீர்கள், மாடியை விடுகிறீர்கள், சரி. தெருப்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு முன்ரூம் பல வீடுகளில் இருக்கிறது. கால் ஆபரேஷன்காரர் வந்தால் மட்டும் அதைக் கொடுங்கள்.

"பாரினரா? போலீஸ் வேலைலாம் இருக்குது, வேணாம் சார்" என்று ரெண்டு இடத்தில் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும், அவ்வளவுதான். பாஸ்போர்ட், விசா, போட்டோ இருந்தால் கொஞ்ச நேர வேலை. உங்கள் ஆளுக்குப் பழக்கமில்லை என்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். என் நண்பருக்கு மட்டுமல்ல, யாருக்கென்றாலும். இதைக் காரணமாக வைத்து ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு நெடுஞ்சாலையோரம் ரத்தினகிரி பக்கமும் புது லாட்ஜுகள் வந்துகொண்டிருக்கின்றன. கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளிது. பிளான் போடும்போதே கீழே இரண்டு ரூம் விடுங்கள், லிஃப்ட் தெருமட்டத்தில் தொடங்கட்டும், பாத்ரூம் கதவு மூன்றடி இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு உடைப்பதைவிட இப்போது கோடு போடுவது செலவில்லாதது.

ஆட்டோ அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை: ஏ.வி.என். கேஸ், இடுப்பு ஆபரேஷன் கேஸ் என்று தெரிந்தால், சீட்டில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள், முதலில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, கால்வாய் மேல் ஆடும் சிமென்ட் பலகைகளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மடல் எழுதலாம். இங்கே வேண்டாம்.

இனி என் நண்பரின் ரூமுக்கு வருகிறேன். அவரும் மைத்துனரும் இரண்டு பேர். ஹவுராவிலிருந்து ரயிலில் வருகிறார்கள், லோயர் பெர்த் நான் போட்டுவிட்டேன், காட்பாடியிலிருந்து கூட்டிவருவதும் என் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ரூம் வேண்டும். நீங்கள் வழக்கமாக வாங்கும் வாடகையைத் தருகிறோம், சலுகை கேட்கவில்லை. முன்பணம் நான் கட்டுகிறேன். கைப்பிடி, உயர்த்திய சீட், ஸ்டூல், கட்டிலுக்குக் கட்டை எல்லாம் என் செலவில் போட்டுத் தருகிறேன். அவர் போன பிறகு அவை உங்கள் ரூமிலேயே இருக்கட்டும், அடுத்து வருகிறவருக்கு ஆகும். சமைக்க ஒரு மூலை இருந்தால் நல்லது, மீன் வாசனை பிடிக்காது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், மெஸ்ஸில் ஏற்பாடு செய்துகொள்கிறோம். வாசலிலிருந்து தெருவில் ஒரு ஐம்பதடி அவர் காலையும் மாலையும் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் வாசலுக்கு எதிரே டூவீலரை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

அப்படி ஒரு ரூம் இருக்கிறவர்கள், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறவர்களும்கூட, என் கடைப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். டேப்பும் வாக்கரும் எடுத்துக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன். தச்சரிடமும் பிளம்பரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், மார்கழி முடிவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி எதிர்ச்சந்து டிக்கெட் கடைக்காரன்,
வேலூர்.